பிரேக்கை விடாத கை

பதுளையில் ஆற்றைப் பார்த்துப் போகும் ஒரு தெருவில், சைக்கிள் பழுது பார்க்கும் கடை வாசலில், பழைய லொறி டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று கௌரவமாக எழுதுகிறேன். விழுந்து கிடந்தேன் என்பதே உண்மை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உதட்டில் உப்புக் கரித்தது. தொடை இரண்டும் சொல் பேச்சுக் கேட்காமல் நடுங்கின.

அப்படி நான் செய்துவிட்ட வீரச் செயல் என்ன? கடையிலிருந்து சந்தைக்குப் போய், ஒரு கட்டு வல்லாரையும் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பி வந்தேன். வழி முழுக்கச் சமமான தெரு, எங்கள் பேச்சில் மட்டமான ரோடு. என்னைவிட வயதான ஒரு சிங்கள அம்மா, ஒரு கையில் குடையை விரித்துப் பிடித்தபடி, மறு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம் என்று நினைத்திருப்பார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான். என் மனைவி தங்கம்மாவின் அண்ணன் முத்துவேல். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"என்னா மாப்ள, மட்டமான ரோடு எப்புடி இருக்கு?"

"நல்லா... இருக்கு மச்சான்."

"கேக்குது, கேக்குது. மூச்சு வாங்குறது இங்க லயம் வரைக்கும் கேக்குது."

அன்று பொழுது சாய்வதற்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டுக்கு நாங்கள் குடிவருகிறோமா, இல்லையா? வருவதென்றால் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், எங்களுக்கு இருக்கும் ஒற்றையறைக் காம்பராவை விட வேண்டும். விட்டால் அது திரும்பக் கிடைக்காது. வராவிட்டால், ஒரு வருசத்துக்கு மேலாகத் தன் காலால் லயத்து வாசலைத் தாண்டாத தங்கம்மா இனியும் தாண்டப்போவதில்லை.

டயரின் மேல் உட்கார்ந்து, மலையில் இறங்கிய கால் சமதரையில் மிதிக்காது என்று மச்சான் சொன்னதுதான் சரியோ என்று யோசித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

இறக்கத்துக்கு ஒரு வாகனம்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருசத்துக்கு மேல் தபால்காரனாக இருந்தேன். தோட்டத்தில் என் பெயர் ராமையா இல்லை, தப்பால் ராமையா. இன்றைக்கும் அப்படிச் சொன்னால்தான் அடையாளம் தெரியும்.

காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்துபோனதும், ஆபிஸில் பெரிய கிளாக்கர் தபால் பையைப் பூட்டித் தருவார். ஒரு சாவி அவரிடம், இன்னொன்று கீழே கடைவீதித் தபாலகத்தில். நடுவில் நான் வெறும் சுமைகூலி. பையை கெரியரில் கட்டிக்கொண்டு இறங்குவேன். நாலு மைல் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் எமன்.

வரும்போது அதே நாலு மைல் ஏற்றம். எந்தச் சூரனாலும் அதில் சைக்கிளை மிதிக்க முடியாது. தள்ளிக்கொண்டுதான் வருவேன். கெரியரில் தபால் பை, அதன்மேல் ஒருவருக்கு இருமல் மருந்து, ஒருவருக்குத் தையல் நூல், ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து. ஹாண்டிலில் இரண்டு பக்கமும் பைகள். எங்கள் ஊரில் சைக்கிள் என்பது இறங்கும்போது குதிரை, ஏறும்போது கழுதை.

ஆகவே முப்பது வருசம் சைக்கிள் ஓட்டினேன் என்று நான் சொல்வதில் பாதி பொய். பாதி வழி ஓட்டினேன், பாதி வழி தள்ளினேன். என் சைக்கிளுக்குப் பிரேக் ரப்பர் மாற்றாத மாதம் கிடையாது. பெடல் மட்டும் நான் ஓய்வு பெறும் நாள்வரை புத்தம் புதுசாக இருந்தது.

ஒருமுறை மொனராகலையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். கரும்புத் தோட்டத்து ஆள், சமதரையில் பழகியவர். என் சைக்கிளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல பெடல் எதுக்குப் போட்டிருக்கு, அழகுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்போதே நான் மனதில் வாங்கியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

நாற்பத்தாறு படி

எங்கள் லயத்துக்கும் ரோட்டுக்கும் இடையில் நாற்பத்தாறு படிகள். சில கல், சில வெட்டிய மண், சிலது இரண்டுமில்லாமல் வெறும் ஞாபகம். மழைக் காலத்தில் பாசி படிந்துவிடும். தங்கம்மா அந்தப் படிகளில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறி இறங்கியவள். தலையில் கொழுந்துக் கூடை, வயிற்றில் பிள்ளை, கையில் தண்ணீர் வாளி, எதோடும் இறங்கியிருக்கிறாள்.

முட்டி முதலில் வலித்தது, பிறகு வீங்கியது, பிறகு ஒரு நாள் மடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகு அவளுடைய உலகம் காம்பராவும் அதன் முன்திண்ணையான இஸ்தோப்பும்தான். இஸ்தோப்பில் உட்கார்ந்தால் ரோடு தெரியும். யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்ப்பாள். கோயில் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கும் சத்தம் கேட்கும். அவள் விரல் தன்னாலே தொடையில் தாளம் போடும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கிளினிக் நாள் வந்தால் நாலு ஆண்கள் சேர்ந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நல்ல மனசுக்காரர்கள். ஆனால் முதல் தடவை தூக்கியபோது, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். பயம் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறியதும் என் காதோடு சொன்னாள்.

"உசுரோட இருக்கையிலயே நாலு பேரு தூக்கிட்டு எறங்குறாங்க. லயமே வாசல்ல நின்னு பாக்குது. இனிமே என்னைய இப்புடித் தூக்காதீங்க."

தலையாட்டினேன். வேறு வழி என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

கூடையில் கிடந்த கடிதம்

பதுளை ஆஸ்பத்திரியில் முட்டிக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். திகதி கடிதத்தில் வரும் என்றார்கள். நாங்கள் காத்திருந்தோம். மாதங்கள் போயின.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் தோட்டத்தில் தபாலுக்கு வேறு ஆள் போடவில்லை. கடிதங்கள் எப்படியோ ஆபிஸுக்கு வந்து, கவுண்டரில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் விழும். கொழுந்து நிறுக்க வருகிறவர், சம்பளத்துக்கு வருகிறவர், யாராவது கிளறிப் பார்த்து எடுத்துப் போனால் உண்டு.

லயத்துக்காரர்களான எங்கள் எல்லாருக்கும் ஒரே விலாசம்தான். பெயர், தோட்டத்தின் பெயர், தோட்டத்தில் எந்தப் பிரிவு என்கிற டிவிசன். கதவு எண் கிடையாது, தெரு கிடையாது. எங்கள் டிவிசனில் மட்டும் நாலு தங்கம்மா. நான் வேலையில் இருந்த காலத்தில், உறையைத் திருப்பிப் பார்த்தாலே எந்தத் தங்கம்மாவுக்கு என்று சொல்லிவிடுவேன். கொழும்பு முத்திரை என்றால் மேல் லயத்துத் தங்கம்மா, அவளுக்குத்தான் மகன் கொழும்புக் கடையில் நிற்கிறான். நீதிமன்ற உறை என்றால் வங்கிமேட்டுத் தங்கம்மா, பாவம் அவளுக்குக் காணிச் சண்டை. என் தலையே ஒரு பதிவேடு. அந்தப் பதிவேடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டது.

தங்கம்மாவின் கடிதத்தை வேறொரு தங்கம்மா எடுத்துக்கொண்டு போய், ஆங்கிலம் தெரியாமல் அலமாரியில் வைத்து, யாரோ படித்துச் சொன்ன பிறகு திரும்பக் கொண்டுவந்து கூடையில் போட்டிருக்கிறாள். அவள்மேல் குற்றம் இல்லை. அது என் கைக்கு வந்தபோது, ஆபரேஷன் திகதி கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

முப்பது வருசம் ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். என் பெண்டாட்டியின் கடிதம் என் மூக்குக்குக் கீழே கூடையிலும் அலமாரியிலும் கிடந்து அழுகியிருக்கிறது.

கிளாக்கரிடம் போய்க் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒனக்குத் தெரியாததா ராமையா? லயத்துக்கு என்னா நம்பரா இருக்கு? எந்தக் காம்பராவுல எந்தத் தங்கம்மானு நாங்க எப்புடிக் கண்டோம்?"

அன்றைக்கு நாற்பத்தாறு படியும் எனக்குக் காலில் படவில்லை. கோபம் என்னைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விட்டது.

வேறு வழியில்லாமல் அதே நாற்காலியில் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா நல்லவர். மறுபடி வரிசையில் பெயர் போட்டார். கடிதம் மறுபடி வரும் என்றார். பிறகு, "வீட்டுக்குப் படி இருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் அவள் சமதரையில் நடந்து பழக வேண்டும், படியுள்ள வீட்டுக்கு அனுப்பி ஒரு பிரயோசனமும் இல்லை என்றார்.

வெளியே வந்ததும் தங்கம்மா கேட்டாள். "அப்ப சமதரைக்குப் போவமா?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விளையாடவில்லை.

ரயில் நிற்கிற ஊர்

தாழ்நாட்டுக்காரர்கள் பதுளைக்கு வந்தால் ஸ்வெட்டர் கொண்டுவருவார்கள். எங்களுக்கோ அது பள்ளத்தில் கிடக்கும் வெக்கை ஊர். எங்கள் ஆட்கள் பதுளைக்குப் போவதை "கீழ போறேன்" என்றுதான் சொல்வார்கள்.

நானும் நூறு தடவை போயிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, கச்சேரி என்கிற அரசாங்க ஆபிஸுக்கு, அடையாள அட்டைக்கு. ஒரு தடவையும் அதை ஓர் ஊராகப் பார்த்ததில்லை. குடியிருக்கும் எண்ணத்தோடு பார்த்தபோது வேறு ஊராகத் தெரிந்தது. சுற்றி மலை, அடியில் ஊரை வளைத்துக்கொண்டு ஓடும் பதுளு ஓயா ஆறு. ராசா காலத்து ஊர். வெள்ளை விகாரை ஒரு பக்கம், வெள்ளைக்காரன் கட்டிய கல் கோயில் ஒரு பக்கம், நம் கோயில்கள் ஒரு பக்கம். மலைநாட்டு ரயில் பாதை இதற்கு மேல் போக மனமில்லாமல் நின்றுவிட்ட ஊர்.

ஆற்றோரத் தெருக்கள் சமமாக இருந்தன. சந்தைக்கு நடக்கலாம். ஆஸ்பத்திரிக்கு, மெதுவாக என்றாலும், நடக்கலாம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். மணி அடித்துக்கொண்டு தபால்காரரும் சைக்கிளில் போனார். கால் ஊன்றாமல், வேலிக்கு மேலாகக் கடிதத்தை நீட்டினார். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. நான் நடுத்தெருவில் நின்று பார்த்தேன்.

சைக்கிள் கடைக்காரர் ரம்ளான் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். என் வயதுதான் இருக்கும். கடைக்குப் பின்னால் அவருடைய இரண்டு அறை வீடு காலியாக இருந்தது. வாசலில் ஒரு படிகூட இல்லை. கதவில் தகரத்தில் வெள்ளை மையால் எழுதியிருந்தது: 31/2. அதைத் தொட்டுப் பார்த்தேன்.

"மை காஞ்சிருச்சு அண்ணே, கைல ஒட்டாது" என்றார் நானா.

அவரிடம் இன்னொருவரும் வீடு கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

மச்சானின் நியாயம்

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? லயம் முழுக்க அதுதான் பேச்சு. தப்பால் ராமையாவுக்கு டவுன் ஆசை வந்துவிட்டது. வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது. இரண்டு பேரும் வெக்கை தாங்காமல் மாசத்தில் திரும்பி வருவார்கள், அப்போது காம்பராவில் வேறு ஆள் இருக்கும்.

மச்சான் மட்டும் நேரில் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. தங்கம்மாவைத் தூக்கும் நாலு பேரில் முதல் ஆள் அவர்தான். இஸ்தோப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஊதிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மாப்ள, இந்தக் காம்பரா ஒங்களுது மட்டும்னு நெனைக்காதீங்க. நம்ம ஒவ்வொருத்தரா காலி பண்ணிட்டு எறங்குனா, நாளைக்குக் காணி குடு, வீடு குடுனு கேக்குற அன்னைக்கு யாரு நிப்பா? லயம் காலி, ஆள் இல்லேனு எழுதிருவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயமுள்ள ஆளோடு சண்டை போடுவதுதான் ஆகக் கஷ்டம்.

"அப்ப காணி கெடைக்கிற வரைக்கும் ஒங்க தங்கச்சி இந்த இஸ்தோப்புலயே ஒக்காந்திருக்கணுமா?" என்றேன்.

"நான் அப்புடிச் சொன்னேனா? ஆபரேசன் முடியட்டும். நாங்க தூக்குறோம். எத்தன நாள்னாலும் தூக்குறோம்."

உள்ளேயிருந்து தங்கம்மா பேசினாள். "அண்ணே, நீங்க நின்னு கேளுங்க காணிய. நான் வேணாங்கல. எனக்கு நிக்க முடியல, அதான் போறேன்."

மச்சான் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பேச்சை மாற்றினார். ஆள் தலைவர் அல்லவா, ஒரு வாசல் அடைத்தால் மறு வாசல் தெரியும்.

"சரி. அங்க போயி எல்லாத்துக்கும் யாரு ஓடுவா? மருந்துக்கு, சாமானுக்கு? மாப்ளதானே? மலையில எறங்குன காலு மட்டமான ரோட்டுல சைக்கிள் மிதிக்குமா? பொறந்ததுலருந்து அவரு மிதிச்சதே இல்ல. ஒரு நாள் போயி ஓட்டிக் காட்டச் சொல்லு. ஓட்டிட்டார்னா நான் வாயத் தெறக்கல."

குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டியவன் என்று என்னைச் சொல்லாமல் சொன்னார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன்.

சுட்ட ரிம்

இனி டயருக்குத் திரும்புவோம்.

போனைச் சட்டைப் பையில் போட்டேன். சைக்கிள் நானாவுடையது, எண்ணெய் போட்டு மினுமினுவென்று இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. தெருவைக் குறை சொல்ல முடியாது. மீதி இருந்தது நான்தான். தங்கம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று வாக்கியம் தேடினேன். "நான் ஏலாதவனாப் போயிட்டேன், நீ இஸ்தோப்புலயே இரு" என்பதை எப்படித் திருப்பிப் போட்டாலும் அதே மாதிரிதான் இருந்தது.

நானா உள்ளேயிருந்து வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைக்கப் போனவர், சக்கரத்தில் கை பட்டதும் வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணே, ரிம்மு சுடுதே?"

"வெயிலுக்கா இருக்கும் நானா."

"நிழல்லதானே நிக்கிது." குனிந்து பார்த்தார். பிரேக் ரப்பரைத் தொட்டு, விரலை முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வழியெல்லாம் கிரீச்சுனு சத்தம் கேக்கலியா?"

"கேட்டுச்சு. சைக்கிள்னா அப்புடித்தானே சத்தம் போடும்?"

நானா என் மடியைக் காட்டினார். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. ஒவ்வொரு கையிலும் இரண்டு விரல்கள், இல்லாத ஒரு கம்பியை இழுத்துப் பிடித்தபடி, கொக்கி போல வளைந்திருந்தன. டயரின்மேல் உட்கார்ந்திருக்கும்போதும் நான் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மலையில் அந்த இரண்டு விரலை விட்டால் அடுத்த வளைவில் சுடுகாடுதான். முப்பது வருசம் என் உயிரைக் காப்பாற்றிய விரல்கள், பதுளை முழுக்க என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. நானும் அதை எதிர்த்து மிதித்திருக்கிறேன்.

நானா அப்போதுதான் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரெண்டு பேரு ஒரே சைக்கிள்ல சண்ட புடிச்ச மாதிரி வந்திருக்கீங்க அண்ணே. இன்னொரு ரவுண்டு போங்க. வெரல உள்ள மடக்குங்க. பிரேக்கு எங்கயும் ஓடிறாது, தேவைப்பட்டா புடிக்கலாம்."

போனேன்.

விரல்கள் இரண்டு தடவை தாமாகவே நீண்டன. இரண்டு தடவையும் திட்டி உள்ளே மடக்கினேன். மூன்றாவது தடவை அவை வரவில்லை. சத்தம் நின்றுவிட்டது. சைக்கிளில் சத்தமில்லாமல் போக முடியும் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல் தெரிகிறது. லேசாக மிதித்தேன், தெரு பின்னால் போயிற்று. ஆற்றுக் காற்று சட்டைக்குள் புகுந்தது. பாலம் வரைக்கும் போய், திரும்பி, விகாரைப் பக்கம் போய், திரும்பி, காரணமே இல்லாமல் சந்தைக்கு இன்னொரு தடவை போனேன். குடை பிடித்த அம்மா எதிரே வந்தார். மணி அடித்தேன். அவரும் அடித்தார்.

நான் அழுதேன். காற்று பட்டுக் கண் கலங்கியது என்று எழுதலாம்தான். அழுதேன்.

கடைக்குத் திரும்பி நானாவிடம் வீட்டை எடுக்கிறோம் என்றேன். பிறகு மச்சானுக்குப் போன் போட்டேன்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு மச்சான். நான்தான் பிரேக்க புடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கேன்."

"அது நல்ல பழக்கம் மாப்ள" என்றார்.

"மலைக்கு நல்லது மச்சான்."

இறங்கிய நாள்

சாமான் அதிகம் இல்லை. சாமி படம், அலமாரி, பாத்திரம், இரண்டு மெத்தை. அதையெல்லாம் இளவட்டங்கள் லொறியில் ஏற்றிவிட்டார்கள். மச்சானும் மற்ற மூன்று பேரும் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

தங்கம்மா நல்ல சேலை கட்டியிருந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். "இத லொறியில ஏத்துங்க" என்றாள்.

"நீ எப்புடி எறங்குவ?" என்றார் மச்சான்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் படி வரைக்கும் வந்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்தாள். அதற்கடுத்த படிக்கு. அந்த நல்ல சேலையில் பாசி ஒட்டியது. கை கொடுக்கப் போனேன், முறைத்தாள்.

லயமே வாசலில் நின்று பார்த்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்துப் பேசிக்கொண்டே இறங்கினாள். ஒருத்தியிடம் கோழிக்குத் தவிடு போடச் சொன்னாள். ஒருத்தியிடம், வாங்கின கத்தரிக்கோலைத் திருப்பித் தராததை ஞாபகப்படுத்தினாள். நடுவில் இரண்டு இடத்தில் வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். யாரும் கிட்டப் போகவில்லை. வெயில் தலைக்கு மேல் வந்தபோது நாற்பத்தாறாவது படியில் இருந்தாள்.

அங்கே பக்கத்துக் காம்பரா ஜெயாவைக் கூப்பிட்டாள். ஜெயா அந்த வருசம்தான் கல்யாணமாகி வந்தவள், தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுப்பவள். மாமனார் மாமியார் கொழுந்தன்மாரோடு ஒரே காம்பராவில், நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துபவள். தங்கம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"இன்னைக்கே அடுப்பு மூட்டிரு. காம்பரா ஒரு நாளும் காலியா இருக்கக் கூடாது. அண்ணன் காணி கேக்குறப்ப பக்கத்துல நில்லு."

மச்சான் சாவியைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். "ஆபிஸ்ல கேட்டா என்னா சொல்றது? எழுதிக் குடுக்காம ஆள் மாத்துனா சும்மா விடுவாங்களா?"

"கேக்கட்டுமே" என்றாள் தங்கம்மா. "லயத்துக்குத்தான் நம்பர் இல்லேன்னாங்களே. எந்தக் காம்பராவுல யாரு இருக்கானு அவங்க எப்புடிக் கண்டாங்க?"

மச்சான் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. தங்கச்சியின் சேலையில் ஒட்டியிருந்த பாசியைக் கையால் தட்டிவிட்டார். லொறியில் ஏறும்போது மட்டும் அவளைத் தூக்கிவிட்டார். அதற்கு அவள் முறைக்கவில்லை.

மணிச் சத்தம்

பதுளை வெக்கைதான். ஊர் சொன்னதில் அந்த ஒன்று மெய். முதல் வாரம் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. நுளம்புக் கடி வேறு. ஆஸ்பத்திரியில் போய்ப் புது விலாசம், 31/2, எழுதிக் கொடுத்தேன். தங்கம்மா காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடப்பாள். பிறகு கம்பை ஊன்றிக்கொண்டு கடை வரை. நானாவின் கடையில் ஒரு ஸ்டூல் அவளுக்கென்று ஆகிவிட்டது. மாதக் கடைசியில் ஆற்றோரம் வரைக்கும் போய்வந்தாள். வந்ததும் கால் வலிக்கிறது என்று என்னைத்தான் திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

ஒரு முற்பகல், நான் வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே பருப்பு அரித்துக்கொண்டிருந்தாள். தெருவில் மணிச் சத்தம் கேட்டது. பழைய குதிரை போல என் காது நிமிர்ந்தது.

தபால்காரர் வாசலில் கால் ஊன்றி நின்றார். உறையைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார். "தங்கம்மா?" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்து, கையைத் துடைத்து, நீட்டியும் விட்டேன். முப்பது வருசத்துக் கை, கடிதம் என்றால் நீளத்தானே செய்யும். ஆஸ்பத்திரி முத்திரை தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே கம்பு தரையில் தட்டும் சத்தமும் வந்தது.

"நீங்க ஒக்காருங்க. எனக்குத்தானே வந்திருக்கு? நான் வந்து வாங்கிக்கிறேன்."

தபால்காரரைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. நான் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.